குளம்பும் தொப்பி விளிம்பும்: கௌபாய் படங்கள் வீட்டுத் திரைக்கு வந்த வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்கும் அந்த நூற்றாண்டின் முடிவுக்கும் இடைப்பட்ட காலத்தில், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் நிகழ்வனவாகக் கற்பிக்கப்படும் கதைகளை ஆங்கிலத் திரையுலகம் ஒரு தனி வகையாகவே பிரித்து வளர்த்தது. சட்டம் இன்னும் வந்து சேராத சிற்றூர், அதைச் சுற்றிலும் ஆளரவமற்ற வெளி, எங்கிருந்தோ குதிரையில் வந்து இறங்கும் தனியாள், அவன் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி ஆகியவை இவ்வகையின் அடிப்படைக் கூறுகள். தமிழ்ப் பார்வையாளர்கள் இவற்றுக்குக் கௌபாய் படம் என்றே பெயரிட்டு வழங்கியமையால் இவ்வுரையிலும் அப்பெயரே கையாளப்படுகிறது. இப்படங்களின் கதையமைப்பு, நாயகனின் அறம், பழங்குடி மக்கள் காட்டப்பட்ட விதம் ஆகியவை பற்றி உலக அளவில் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. திரையரங்கை விட்டு வீட்டுக்குள் வந்தபோது, அதாவது கேசட்டாகவும் குறுவட்டாகவும் இணையத்தில் பார்க்கும் கோப்பாகவும் மாறியபோது, அப்படங்களின் உருவத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நிலமே பாதிக் கதையைச் சொல்லும் ஒரு வகையில், அந்த நிலத்தில் எவ்வளவு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது என்பது தொழில்நுட்பர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விவரம் அன்று.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குத் தேவை. படச்சட்டகத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமே திரை விகிதம் எனப்படும். பேசும்படக் காலம் தொடங்கி 1953 வரையிலும் உலகெங்கும் புழங்கிய சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. உயரம் 1 என்றால் அகலம் 1.37. தொலைக்காட்சி வந்து அமெரிக்கத் திரையரங்குகளில் கூட்டம் குறைந்தபோது, வீட்டுப் பெட்டியில் கிடைக்காத எதையாவது காட்டியாக வேண்டிய நெருக்கடியில் அகலத்திரைகள் பிறந்தன. 1953 செப்டம்பரில் ‘தி ரோப்’ படத்துடன் சினிமாஸ்கோப் அறிமுகமாயிற்று. பின்னர் நிலைபெற்ற ஸ்கோப் சட்டகத்தின் அகலம் 2.35. வீட்டிலிருந்த பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியின் அகலமோ 1.33 மட்டுமே. ஆகவே ஸ்கோப் படம் ஒன்றை அந்தப் பெட்டி முழுவதும் நிறையும்படி காட்டினால் அகலத்தில் சுமார் 43 விழுக்காடு வெளியே நின்றுவிடும். இன்று கூடங்களில் தொங்கும் தட்டையான தொலைக்காட்சியின் விகிதம் 1.78. பழைய 1.37 சட்டகப் படத்தை அதில் நிறைத்துக் காட்டினால் மேலும் கீழுமாகச் சேர்த்து உயரத்தில் சுமார் 23 விழுக்காடு போய்விடும். அன்றைய பெட்டி பக்கங்களைத் தின்றது. இன்றைய பெட்டி தலையையும் காலையும் தின்கிறது. எனவே எந்தப் படம் சேதப்படும் என்பது அந்தந்தக் காலத்துப் பெட்டியைப் பொறுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மரபான கௌபாய் படம் எனச் சொன்னால் முதல் வரிசையில் வைக்கத்தக்க ‘ஷேன்’ இச்சிக்கலின் இரு பக்கங்களையும் அனுபவித்த படமாகும். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி ஆலன் லேட் நடித்த இப்படம், வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் மலையடிவாரத்தில் 1951-இல் 1.37 சட்டகத்துக்கென ஒளிப்பதிவு செய்யப்பட்டது. தொலைவிலுள்ள மலைகள் பாத்திரங்களின் தலைக்குமேலே எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஸ்டீவன்ஸ் நீள்குவிய லென்ஸ்களைப் பயன்படுத்தினார். அத்தகைய லென்ஸ் தூரத்துப் பொருளை அருகே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கீழே சேறும் மரவேலியும், நடுவே மனிதர்கள், மேலே பனி படர்ந்த சிகரம் என்று அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட சட்டகம் அது. படத்தொகுப்பு நீண்டுகொண்டே போய் 1953-இல் படம் வெளியாவதற்குள் அகலத்திரை மோகம் தொற்றிக்கொள்ள, பாரமவுண்ட் நிறுவனம் மேலும் கீழும் மறைத்து 1.66 விகிதத்தில் அதை அகலத்திரைப் படமாகவே திரையிட்டது. சிறந்த வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருது லாயல் கிரிக்ஸுக்குக் கிடைத்தது. திரையரங்கில் காட்டப்பட்டதோ அவர் சட்டகத்தின் ஒரு பகுதிதான் என்பதை எண்ணினால் இது சற்று வேடிக்கைதான்.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே வழக்கு மீண்டும் எழுந்தது. 2013-இல் ‘ஷேன்’ புளூ-ரே வட்டாக வரவிருக்கும் செய்தியோடு, அது 1.66 விகிதத்தில் இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அந்த வடிவத்துக்காக இயக்குநரின் மகன் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஜூனியரின் மேற்பார்வையில், ஒவ்வொரு ஷாட்டிலும் எதை வைப்பது, எதை நீக்குவது எனப் பார்த்துப் பார்த்தே வேலை நடந்திருந்தது. அப்படியிருந்தும் திரை ஆர்வலர்கள் அதை ஏற்கவில்லை. திரையரங்கில் அன்று நேர்ந்த வணிக வெட்டை, வீட்டுப் பதிப்பு எதற்காக நிரந்தரமாக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய வினா. எதிர்ப்பு வலுத்ததும் வெளியீட்டாளர்கள் இறங்கிவந்து, அவ்வாண்டே 1.37 விகிதத்தில் முழுச் சட்டகத்துடன் வட்டை வெளியிட்டனர். வீட்டுப் பதிப்பு என்பது திரையரங்கின் மலிவான நகல் என்ற எண்ணம் தலைகீழானது இங்கேதான்: 1953-இல் திரையரங்கில் அமர்ந்தவருக்குக் கிட்டாத மலையுச்சி, வட்டு வாங்கியவருக்குக் கிட்டியது.

இதற்கு நேர்மாறான நிலை, அகலமாகவே எடுக்கப்பட்ட படங்களுக்கு நேர்ந்தது. தமிழ்நாட்டில் கௌபாய் படம் என்றதும் ஒரு தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வரும் ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ 1969-இல் வெளிவந்தது. ஜே. லீ தாம்ப்சன் இயக்கத்தில் கிரிகரி பெக்கும் ஓமர் ஷெரீபும் நடித்த இப்படம், பிறந்த நாட்டில் எடுபடாமல் போய், இந்தியாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்டது. புதையல் இருக்கும் பள்ளத்தாக்கின் வாயிலை விடியற்காலைச் சூரியன்தான் காட்டிக்கொடுக்கும் என்பது கதையின் முடிச்சு. தன்னந்தனியாக நிற்கும் பாறைத்தூண் ஒன்றின் நிழல், கதிர் ஏற ஏறத் தரையில் நீண்டு ஊர்ந்து, எதிரேயுள்ள குன்றுச் சுவரில் மறைந்திருக்கும் வழியைத் தொடுகிறது. தூணையும் நிழலின் நுனியையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டிய காட்சி அது. அகலத்திரை எதற்கென்று கேட்பவருக்கு இந்த ஒரு காட்சியே போதும். வீடியோ கேசட்டிலோ, சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப இடமும் வலமும் நகர்த்தும் முறை கையாளப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்கென அகலப் படங்களை மாற்றும் கூடங்களில் அன்று வழங்கிய உத்தி இதுவே. அங்கே அமர்ந்திருந்த ஊழியர் ஒருவர், தூணைக் காட்டுவதா நிழலைக் காட்டுவதா என்று முடிவெடுத்தார். இயக்குநர் பிரிக்காத காட்சியை அவர் பிரித்தார்.

இந்தியா, பிரிட்டன் முதலிய நாடுகளில் வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் இன்னொரு மாற்றமும் ஓசைப்படாமல் நிகழ்ந்தது. திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டகமாக ஓடிய படம், பால் முறையில் 25 சட்டகமாக ஓடியது. 128 நிமிடப் படம் இதனால் 123 நிமிடத்துக்குள் முடிந்தது. குரல்கள் சற்றே கீச்சிட்டன. குதிரைகளும் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல் வேகத்தில் பாய்ந்தன. வேறெந்தப் படவகைக்கு இல்லாவிட்டாலும், கௌபாய் படத்துக்கு இது கெடுதல் செய்ததாகச் சொல்ல முடியாது.

வீட்டுப் பதிப்பின் ஆக்கப்பணிக்கும் ஒரு சான்று கூற வேண்டும். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே எடுத்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ 1966-இல் வெளிவந்தபின், அமெரிக்கத் திரையரங்குகளுக்காக 161 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. நீக்கப்பட்ட பகுதிகளுக்கு ஆங்கிலக் குரலே இல்லை. 2003-இல் அவற்றை மீண்டும் சேர்த்து 179 நிமிடமாக்கியபோது, கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலாக்கும் முதுமையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து தம் இளமைக்குக் குரல் கொடுத்தனர். 1989-இல் மறைந்துவிட்ட லீ வான் கிளீஃபுக்கு வேறொருவர் பேசினார். திரையரங்கில் சில நாள் ஓடியதைவிட, பின்னர் வட்டாக வெளிவந்தே இப்பதிப்பு உலகமெங்கும் பரவியது.

இந்தியாவில் இவ்வகையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, 1971 ஆகஸ்டில் வெளிவந்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ என்னும் தெலுங்குப் படத்தை. கே. எஸ். ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த பத்மாலயா நிறுவனப் படமான இது, ராஜஸ்தானின் பாலைவனத்தில் எடுக்கப்பட்டு, தமிழில் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்ற பெயரில் மொழிமாற்றம் பெற்றது. ‘ட்ரெஷர் ஹன்ட்’ என்று ஆங்கிலத்திலும் பேசியது. ஆயினும் அதற்கு ஓராண்டு முன்பே, 1970-இல், தமிழில் ‘காலம் வெல்லும்’ வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அதை இயக்கியவர் கர்ணன். ‘கற்பகம்’ உள்ளிட்ட குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த அவர், இயக்குநரானதும் குடும்பத்தையும் கூடத்தையும் விட்டுவிட்டுக் குதிரைகளோடு வெளியே கிளம்பிவிட்டார். ஜெய்சங்கரை நாயகனாக்கி ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று அவர் எடுத்தவை கொட்டகைகளில் விசில் சத்தத்தோடு ஓடின. அறிவுத்துறையினர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. இன்றுவரை நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஒளிப்பதிவாளரே இயக்குநராகவும் இருந்ததால் துரத்தல் காட்சிகளில் அவர் பெற்ற துல்லியம், அக்காலத் தமிழ்ப் படங்களில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது.

இங்கேதான் திரை விகிதக் கணக்கு தமிழுக்குத் தேவைப்படுகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல்தான் வந்தது; தெலுங்கில் ‘அல்லூரி சீதாராம ராஜு’ 1974-இல் வந்தது. ஆகவே கர்ணனின் அந்த மூன்று படங்களும் கிருஷ்ணாவின் படமும் பழைய சட்டகத்துக்குள் எடுக்கப்பட்ட கௌபாய் படங்களே. இத்தாலியர்களிடமிருந்து தொப்பியும் சுருட்டும் துப்பாக்கிச் சுழற்றலும் இங்கே வந்து சேர்ந்தன. அவர்களுடைய அகலச் சட்டகம் மட்டும் வரவில்லை. குறுகிய சட்டகத்தில் குதிரை மீது வருபவனை முழுதாகக் காட்டினால், தொப்பியின் விளிம்பு மேல் ஓரத்தைத் தொடும், குளம்பு கீழ் ஓரத்தைத் தொடும். பக்கங்களில் நிலத்துக்கு இடம் கொஞ்சமே மிஞ்சும். எனவே நிலத்தின் பரப்பைக் காட்டுவதற்குப் பதிலாக, அதன் உயர வேறுபாட்டைக் காட்டும் வழியே திறந்திருந்தது: மேட்டிலிருந்து சரிவில் இறங்குதல், பாறைமேல் நிற்பவன் கீழே வருபவனைக் குறிவைத்தல், அருவிக்கரை மோதல் முதலியன. அமெரிக்கக் கௌபாய் அடிவானத்தை நோக்கிப் போகிறான் என்றால், தமிழ்க் கௌபாய் மலையேறி இறங்குகிறான். வசதிக்குறைவு ஒரு நடையையே உண்டாக்கியது எனக் கொள்வதில் தவறில்லை.

இத்தகைய படங்களுக்குப் பழைய கண்ணாடிக்குழாய்ப் பெட்டி பகையாக இருக்கவில்லை. 1980-களில் தென்பாண்டி ஊர்களில் தொலைக்காட்சியையும், டெக் என்றே எல்லாரும் அழைத்த வீடியோ கேசட் ஓட்டும் கருவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் விடிய விடிய மூன்று நான்கு படங்கள் போடும் வழக்கம் பரவியது. தூத்துக்குடிக் கரையோரத்தில் இதற்குத் துணையாக இன்னொரு திரையும் இருந்தது: 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை, வீட்டுக்கூரைக்கு மேல் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பிவைத்துப் பார்த்த வீடுகள் இப்பகுதியில் ஏராளம். கேசட்டின் தெளிவு மட்டமானதே. பிரதி எடுக்க எடுக்க அது மேலும் மங்கும். முகம் தெரிந்தால் மூக்கு தெரியாது. இருந்தபோதிலும் ஜெய்சங்கரின் தொப்பியும் அவர் குதிரையின் குளம்பும் அதில் முழுதாக இருந்தன. அதே இரவில் அடுத்து ஓடிய ஆங்கிலக் கௌபாய் படத்தில்தான் எதிரெதிரே நின்று சுடுவோரில் ஒருவர் காணாமற்போனார்.

அடுத்து வந்த குறுவட்டு, சட்டகத்தை 352க்கு 288 புள்ளிகளாகச் சுருக்கியது. ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே அடங்கும் என்பதால் தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று வட்டுகளாக வந்தன. 2006-ஐ ஒட்டி மோசர் பேர் நிறுவனம் முப்பது ரூபாய்க்கும் குறைவான விலையில் அசல் குறுவட்டுகளைப் பெட்டிக்கடை வரை கொண்டுசேர்த்தபோது, பழைய படங்கள் பலவற்றுக்கு முதன்முறையாக ஓர் அட்டையும் பெயரும் கொண்ட வீட்டுப் பதிப்பு கிடைத்தது. விலை மலிவு என்பது பாராட்டத்தக்கதே. எனினும் இச்சந்தையில் வந்த பழைய படங்கள் பலவும் திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதிகளிலிருந்தே வட்டாக்கப்பட்டன. கீறலும், ரீல் மாறும் இடத்தில் தோன்றும் புள்ளியும், மூலையில் வெளியீட்டாளரின் அழியா முத்திரையும் படத்தோடு சேர்ந்தே வந்தன.

ஆகப் பெரிய கேடு அதற்குப் பிறகே வந்தது. அகலத் தொலைக்காட்சிகள் வீடுகளில் நிறைந்ததும், பக்கங்களில் கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்ப்பவர் ஏதோ குறையென்று கருதுவார் என்னும் அச்சத்தில், பழைய படங்கள் ஒன்று பக்கவாட்டில் இழுக்கப்பட்டன, அல்லது மேலும் கீழும் வெட்டப்பட்டன. இழுத்தால் குதிரை எருமையாகிறது; வெட்டினால் தொப்பி போகிறது. திரையரங்க மறுவெளியீடுகளும் இவ்வழியில்தான் சென்றன. 2012-இல் புதுப்பிக்கப்பட்டு வெற்றிகரமாக ஓடிய சிவாஜியின் ‘கர்ணன்’, 2014-இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகியவை சினிமாஸ்கோப் வடிவுக்கு மாற்றப்பட்டே திரைக்கு வந்தன. 1.37 சட்டகத்திலிருந்து 2.35 சட்டகத்தை வெட்டியெடுத்தால் உயரத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இழக்க நேரிடும். நிறமும் ஒலியும் மீட்கப்பட்டதை மெச்சும் அதே வேளையில், ‘ஷேன்’ 1953-இல் பட்டதையே தமிழ்ப் படங்கள் அறுபது ஆண்டுகள் கழித்துப் பட்டன என்பதையும் குறிக்க வேண்டும்.

இவ்விடத்தில் ‘ஷோலே’யைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அதன் வெட்டு திட்டமிட்டே செய்யப்பட்டது. கர்நாடகத்தின் ராமநகரப் பாறைகளிடையே ரமேஷ் சிப்பி எடுத்து 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அப்படம் 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டு, பின்னர் மேலும் கீழும் விலக்கி 70 மி.மீ. அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டது. அவ்வாறு விலக்கப்போவதை முன்பே அறிந்து சட்டகம் கட்டப்பட்டதால் அங்கே தலைகள் தப்பின. தப்பாமற்போனது முடிவுக் காட்சி: நெருக்கடி நிலைக் காலத் தணிக்கை, கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைத் தாக்குர் கொல்வதை ஏற்காமல், காவலர் வந்து தடுப்பதாக மாற்றச் செய்தது. மூல முடிவு பல்லாண்டுகளாக வீட்டு வட்டுகளின் வழியாகவே ஆர்வலர்களிடம் உலவியது. 2025-இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த பதிப்பு, அம்முடிவுடன் இத்தாலியின் போலோன்யா விழாவில் திரையிடப்பட்டது. கிருஷ்ணாவின் படமும் அவர் மறைவுக்குப் பின் 2023 மே மாதம் 4கே தெளிவில் மீண்டும் திரைக்கு வந்தது.

தமிழில் அதற்கிணையாக நடந்தது மீட்பு அன்று, நையாண்டிதான். சிம்புதேவன் 2010-இல் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ தன் கற்பனை ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்து முன்னோடிகளுக்கு வணக்கம் சொன்னது. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் கொண்டுவந்த சித்திரக்கதைகளில் வளர்ந்தவர்களுக்கு அப்படத்தின் உலகம் புதியதன்று; அவற்றின் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் குதிரை அவர்கள் கையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நையாண்டிக்கு உள்ளான மூலப்படங்களைத் தெளிவான பிரதியில் பார்க்க வழியில்லாமல் நையாண்டி மட்டும் தெளிவாகக் கிடைப்பது விந்தையான நிலைமை.

தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் நாசரேத், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கங்களில் விரியும் தேரிக்காடு, அதாவது இரும்புச் சத்தால் சிவந்த மணல் காற்றடித்துக் குவிந்த மேட்டுநிலம், இவ்விவாதத்துக்கு நல்லதோர் உரைகல். தேரி படுத்துக் கிடக்கும் நிலம்; அதில் நிற்கும் பனை நெட்டுக்குத்தான மரம். அகலச் சட்டகம் தேரியை முழுதாக அள்ளும். அருகிலுள்ள பனையின் மண்டையையோ தூரையோ கேட்கும். குறுகிய சட்டகம் பனையை முழுதாகத் தரும், தேரியைச் சுருக்கும். எதை விடுவது என்பது ஒளிப்பதிவாளரின் முடிவாக இருக்கும்வரை இரண்டும் கலையே. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகிலுள்ள புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் 2021-இல் எடுத்த ‘கர்ணன்’ கௌபாய் படமன்று. ஆனால் பேருந்து நிற்க மறுக்கும் ஊர், குதிரை, வாளோடு எதிர்த்து நிற்கும் ஒருவன் ஆகியவை அவ்வகையின் எலும்புகளையே நினைவூட்டுகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் ஏப்ரல் 9 அன்று வெளியாகி, மறுநாளே அரங்குகளில் பாதி இருக்கைக் கட்டுப்பாட்டைச் சந்தித்த அப்படம், மே 14 அன்று அமேசான் பிரைம் வழியாக வீடுகளுக்கு வந்துவிட்டது. அங்கே சட்டகத்தை யாரும் வெட்டவில்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்த படத்தைப் பார்த்து யாரும் குறைகூறவுமில்லை. புதிய படத்துக்கு இயல்பாகக் கிடைக்கும் இம்மரியாதை பழைய படத்துக்கு மறுக்கப்படுவதற்கு, பக்கவாட்டுப் பட்டையை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற வணிகரின் ஊகத்தைத் தவிரக் காரணம் எதுவுமில்லை.

மற்றொரு தடையும் உண்டு. தமிழ்த் திரைவணிகத்தில் நெகட்டிவ் உரிமை என்பது கடனுக்கு ஈடாக வைக்கப்படும் சொத்து. தயாரிப்பாளர் நொடித்துப்போனால், பாக்கிக்காக நெகட்டிவ் லேபிலேயே கிடந்தது. டிஜிட்டல் வந்தபின் லேப்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, அங்கே கிடந்த சுருள்களுக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமற்போயிற்று. இயக்குநர் கர்ணனும் 2012-இல் மறைந்துவிட்டதால், ‘ஷேன்’ வட்டுக்கு இயக்குநரின் மகன் அருகிருந்து பார்த்ததைப் போல, ஒவ்வொரு ஷாட்டின் நோக்கத்தையும் சொல்லக்கூடிய முதல் சாட்சி இப்போது இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டையடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அக்கணக்கில் ‘காலம் வெல்லும்’ 2031 ஜனவரி முதல் நாளிலும், ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும் 2033 ஜனவரி முதல் நாளிலும் பொதுவுடைமையாகும். அதன்பின் அவற்றை வட்டாக்கவோ இணையத்தில் ஏற்றவோ படத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்குள் உரிமையாளர்கள் தம்மிடம் எஞ்சியுள்ள நெகட்டிவையோ, அது இல்லையேல் குறைவாகத் தேய்ந்த திரையரங்கப் பிரதியையோ புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்து, 1.37 சட்டகம் முழுவதையும் அப்படியே ஸ்கேன் செய்துவைக்க வேண்டும். வெட்டும் வேலை தேவைப்பட்டால் அதைப் பார்ப்பவர் தம் ரிமோட்டிலேயே செய்துகொள்ளலாம்.